பழைய காரின் ரப்பரும் ரெக்ஸினும்: எதைத் தடவலாம், எதைத் தடவக் கூடாது?

பத்மினி_89 (திருச்சி), மே 6, காலை 7:40

அனைவருக்கும் வணக்கம். என் தந்தை 1989-ஆம் ஆண்டு வாங்கிய பிரீமியர் பத்மினி இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. எஞ்சினிலும் கியரிலும் குறையில்லை. தகர வேலையையும் டிங்கர் ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு செம்மையாக முடித்துக் கொடுத்துவிட்டார். என்னைப் படுத்துவது ரப்பர்தான். முன்கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பரில் நான்கு மூலைகளிலும் பிளவுகள் தெரிகின்றன. மழை பெய்தால் இடதுபக்கக் கால்விரிப்பு நனைந்துவிடுகிறது. பின்கதவுகளின் பீடிங், அதாவது கதவோரத்து ரப்பர்ப் பட்டை, கட்டை போல இறுகிவிட்டது. இருக்கைகளின் ரெக்ஸின் தையல் ஓரமாக வெடித்திருக்கிறது. டயரின் பக்கவாட்டில் எத்தனை முறை கழுவினாலும் ஒரு பழுப்பு நிறம் திரும்ப வந்துவிடுகிறது.

முன்கதவு பீடிங்கின் கதை வேறு. ஜனவரியில் வண்டியை ஓரிடத்தில் வாட்டர் வாஷுக்கு விட்டிருந்தேன். அடிப்பாகத்துக்கு டீசல் கலவை அடித்த கையோடு, நான் கேட்காமலே அதே துணியால் முன்கதவு பீடிங் முழுவதையும் துடைத்துக் கன்னங்கரேலென்று பளபளக்க வைத்துக் கொடுத்தார்கள். அன்று எனக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. மூன்று வாரங்களில் பீடிங் தொளதொளத்து, அலை அலையாக எழும்பி, கதவைச் சாத்தும்போதெல்லாம் மடிந்து மாட்டிக்கொள்ளத் தொடங்கியது.

இதுவரை எனக்குக் கிடைத்த ஆலோசனைகள்: தேங்காயெண்ணெய், விளக்கெண்ணெய், கிளிசரின், சிலிகான் ஸ்ப்ரே, பிரேக் ஆயில், ஷூ பாலிஷ், பிறகு நீலகிரியில் விற்கும் ஏதோ ஒரு தைலம். இவற்றில் எது ரப்பரைக் காக்கும், எது கொல்லும் என்பதை விவரம் தெரிந்தவர்கள் காரணத்தோடு சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கலவைக்காரன் (கோவை), மே 6, இரவு 9:15

வணக்கம். ரப்பர் வார்ப்புத் தொழிற்கூடம் ஒன்றில் கலவைப் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் 'ரப்பர்' என்று ஒரே பெயரில் அழைத்தாலும், ஒரு காரில் குறைந்தது நான்கைந்து வகைகள் இருக்கின்றன. டயரில் இயற்கை ரப்பரும் எஸ்பிஆர் என்னும் செயற்கை ரப்பரும் கலந்திருக்கும். பெட்ரோல் ஹோஸ் பெரும்பாலும் நைட்ரைல். இன்றைய கார்களின் கதவு பீடிங்குகள் இபிடிஎம் என்ற வகையைச் சேர்ந்தவை. ஒன்றுக்கு மருந்தாவது இன்னொன்றுக்கு நஞ்சாகும் என்பதால், 'ரப்பருக்கு எது நல்லது' என்று பொதுவாகக் கேட்டால் பதில் சொல்ல முடியாது. எந்த ரப்பருக்கு என்று கேட்டால் சொல்லலாம்.

இயற்கை ரப்பரின் மூலக்கூற்றுச் சங்கிலி நெடுகிலும் இரட்டைப் பிணைப்புகள் இருக்கின்றன. காற்றில் மிகச் சிறிய அளவில் கலந்திருக்கும் ஓசோன் அந்தப் பிணைப்புகளைத் தேடிப்பிடித்து வெட்டும். ரப்பர் இழுபட்ட நிலையில் இருந்தால்தான் வெட்டு பிளவாக விரியும். அதனால்தான் உங்கள் முன்கண்ணாடி ரப்பர் நேரான பகுதிகளில் தப்பித்து, வளைந்து இழுபடும் நான்கு மூலைகளிலும் பிளந்திருக்கிறது. பிளவு இழுவிசைக்குக் குறுக்காக ஓடியிருக்கும், பார்த்துச் சொல்லுங்கள். அப்படி இருந்தால் உங்கள் கண்ணாடி ரப்பர் இயற்கை ரப்பராகவோ எஸ்பிஆர் கலவையாகவோ இருப்பதற்கு அதுவே அடையாளம். இபிடிஎம்மின் முதன்மைச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு கிடையாது. எனவே ஓசோன் அதனிடம் தோற்றுவிடுகிறது. ஆனால் அதற்குப் பெட்ரோலிய எண்ணெய் ஆகாது. டீசல், மண்ணெண்ணெய், கிரீஸ், வாசலின், துருப்பிடித்த போல்ட்டுக்கு அடிக்கும் ஸ்ப்ரே எதுவானாலும் இபிடிஎம்முக்குள் இறங்கி அதை உப்ப வைக்கும். உங்கள் முன்கதவு பீடிங் அலை அலையாக எழும்பியதற்குக் காரணம் இதுதான். நீளம் கூடிவிட்டது, ஆனால் கதவின் சுற்றளவு கூடவில்லை. மிஞ்சிய நீளம் வேறெங்கே போகும்?

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் ரப்பர் உறுதிப்படும் என்பதை 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்தார். அந்த வல்கனைசிங் முறையில் சங்கிலிகளுக்கிடையே கந்தகப் பாலங்கள் உருவாகின்றன. ஆண்டுகள் போகப்போக, வெப்பத்தாலும் ஆக்சிஜனாலும் தேவைக்கு மேல் பாலங்கள் கூடிவிடுவதே பெரும்பாலான ரப்பர்கள் கட்டையாக இறுகுவதற்குக் காரணம். எந்த எண்ணெயைத் தடவினாலும் ஒரு பாலம்கூட அவிழாது. எண்ணெய் உள்ளே புகுந்து சங்கிலிகளைச் சற்று விலக்கி வைக்கும், அதனால் கைக்கு மென்மையாகத் தெரியும், அவ்வளவுதான். 'ரப்பருக்கு ஊட்டம் கொடுக்கும்' என்று டப்பாவில் எழுதியிருப்பதை நம்பி வாங்காதீர்கள். ரப்பருக்குப் பசி கிடையாது.

நெல்லை_ஓட்டி (பாளையங்கோட்டை), மே 7, காலை 6:20

கலவைக்காரன் ஐயா சொல்வது படித்தவர் பேச்சு; மறுக்கவில்லை. ஆனால் நான் முப்பது ஆண்டுகளாக வாடகை அம்பாசிடர் ஓட்டியவன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கதவு ரப்பருக்கும் பம்பர் ரப்பருக்கும் தேங்காயெண்ணெய் தடவுவேன். என் வண்டியின் ரப்பர் ஸ்டாண்டில் இருந்த மற்ற எந்த வண்டியின் ரப்பரையும்விட அதிக நாள் உழைத்தது. அனுபவத்துக்கு என்ன பதில்?

கலவைக்காரன் (கோவை), மே 7, இரவு 8:50

அண்ணாச்சி, உங்கள் ரப்பர் அதிக நாள் உழைத்தது என்பதை நான் நம்புகிறேன். ஆனால் எண்ணெய் தடவுவதற்கு முன்பு என்ன செய்தீர்கள்? நிச்சயம் ஈரத்துணியால் தூசியைத் துடைத்திருப்பீர்கள். வாரம் ஒருமுறை மணலும் தூசியும் துடைக்கப்பட்ட பீடிங் கதவுக்கும் தகரத்துக்கும் இடையே உப்புத்தாளில் தேய்வது போலத் தேயாது. உழைப்பில் பெரும்பங்கு அந்த ஈரத்துணிக்கு உரியது, பெயர் எண்ணெய்க்குப் போய்விட்டது.

தேங்காயெண்ணெய் இயற்கை ரப்பருக்குள் ஓரளவு இறங்கி அதை மெல்ல உப்ப வைக்கும். மேலே தங்குவது தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டு, நாளடைவில் பிசுக்காகிக் காறல் வாடை அடிக்கும். விளக்கெண்ணெயின் கதை வேறு. பிரேக் சிலிண்டர் பூட்டும்போது மெக்கானிக்குகள் வாஷரில் தடவும் சிவப்பு ரப்பர் கிரீஸ் விளக்கெண்ணெயை அடிப்படையாகக் கொண்டதுதான். அந்தக் காலத்துப் பிரேக் ஆயிலிலேயே விளக்கெண்ணெய் இருந்தது. இயற்கை ரப்பருக்குள் அது எளிதில் புகாது, சீக்கிரம் காய்ந்தும் போகாது. ஆகவே நம் முன்னோர் விளக்கெண்ணெயைத் தேர்ந்தெடுத்ததில் பொருள் இருக்கிறது. கதவு பீடிங்கில் அதைத் தடவினால் சட்டையில் ஒட்டும், தூசி சேரும் என்பதுதான் குறை. மூடிய சிலிண்டருக்குள் அந்தத் தொல்லை இல்லை.

பத்மினி நண்பருக்கு ஒரு வேண்டுகோள்: பிரேக் ஆயிலை ரப்பருக்குத் தடவச் சொன்னவரின் பேச்சை மட்டும் கேட்டுவிடாதீர்கள். ரப்பருக்கு என்ன ஆகிறதோ இல்லையோ, ஒரு சொட்டு வழிந்தால் பெயிண்ட் உரிந்து வந்துவிடும்.

கிளிசரின் ஆபத்தில்லாதது. ரப்பருக்குள் இறங்காமல் மேலேயே நின்று வழுவழுப்பைக் கொடுக்கும். ஒரு மழையில் கழுவிக்கொண்டு போய்விடும். சிலிகான் எண்ணெய் இபிடிஎம்மையும் இயற்கை ரப்பரையும் உப்ப வைக்காது, நீரையும் தள்ளும். கதவு பீடிங்குக்கு நான் பரிந்துரைப்பது அதுதான். ஆனால் ஸ்ப்ரேயை வாங்கும்போது டப்பாவின் பின்புறத்தைப் படியுங்கள். சில ஸ்ப்ரேக்களில் சிலிகானைக் கரைத்து வைத்திருப்பதே பெட்ரோலியக் கரைப்பான்தான். பீடிங்கில் நேரடியாக அடிக்காமல் துணியில் அடித்து, மெல்லிய படலமாகத் துடைத்துவிட்டு, மிச்சத்தை உலர்ந்த துணியால் எடுத்துவிடுங்கள். விரலால் தொட்டால் விரல் பளபளக்கக் கூடாது, அதுதான் அளவு.

பெயிண்ட்_பூத் (சேலம்), மே 7, இரவு 10:05

சிலிகான் என்ற சொல்லைப் பார்த்ததும் ஓடிவந்தேன். வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கும் எண்ணம் இருந்தால், அதற்கு முன்பு எந்த இடத்திலும் சிலிகானைத் தொடாதீர்கள். அதன் நுண்துளி தகரத்தில் ஒட்டியிருந்தால், அடித்த பெயிண்ட் அந்த இடத்தைவிட்டு விலகி, நடுவில் குழிந்து வட்டம் வட்டமாக நிற்கும். அதை நாங்கள் மீன்கண் என்போம். எந்த டச்சப்புக்கும் அடங்காது. தேய்த்தெடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு வாடிக்கையாளர் பெயிண்ட் வேலைக்கு விடுவதற்கு முந்தைய நாள், வண்டி அழகாக வரட்டும் என்று டாஷ்போர்டு பாலிஷை பீடிங் முழுவதும் அடித்துக்கொண்டு வந்திருந்தார். அந்தக் கதவை நான் மூன்று முறை அடித்தேன். கூலி ஒரு முறைக்குத்தான் கிடைத்தது.

குஷன்_கடை (மதுரை), மே 8, பிற்பகல் 2:30

ரெக்ஸினைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லையே என்று எழுதுகிறேன். ரெக்ஸின் என்பது முதலில் இங்கிலாந்தில் ஒரு நிறுவனம் செய்த தோல்துணியின் வணிகப் பெயர். இன்று நம் ஊரில் அந்தப் பெயரில் விற்பது, துணியின் மேல் பிவிசி பூசிய பொருள். ஆழ்துளைக் கிணற்றுக்கு இறக்கும் குழாயும் இதுவும் ஒரே பிவிசிதான் என்று சொன்னால் கடைக்கு வருபவர்கள் நம்ப மறுக்கிறார்கள். பிவிசி இயல்பில் குழாயைப் போலக் கெட்டியானது. அதில் மென்மையூட்டி எண்ணெய்களைக் கலந்தால் வளையும் என்பதை 1926-இல் அமெரிக்காவில் வால்டோ செமன் கண்டறிந்த பிறகுதான் அது இருக்கைக்கு வந்தது. அந்த மென்மையூட்டி எடையில் மூன்றில் ஒரு பங்கு வரைகூட இருக்கும். அது பிவிசியோடு வேதிப் பிணைப்பில் சேர்வதில்லை, இடையிடையே ஊறி நிற்கிறது. வெயிலில் ஆவியாகிறது, எண்ணெய் பட்டால் எண்ணெயோடு வெளியேறுகிறது. போனது போனதுதான்.

இருக்கையின் எந்த இடம் முதலில் இறுகுகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? வெயில் படும் இடம் என்பார்கள். என் கடைக்கு வரும் பழைய வண்டிகளில், முதுகுச் சாய்வின் மேல் விளிம்பு, அதாவது எண்ணெய் தேய்த்த தலைகள் சாய்ந்த இடம், வெயில் படாத பின்னிருக்கையிலும் அட்டை போல விறைத்திருக்கும். எண்ணெய் மென்மையூட்டியை உறிஞ்சிவிட்டது. ஆகவே ரெக்ஸினுக்குத் தேங்காயெண்ணெய் தடவுவது, இருக்கை முழுவதையும் அந்த மேல் விளிம்பைப் போல ஆக்குவதற்கு வழி. அண்ணாச்சி கோபித்துக்கொள்ள வேண்டாம்.

தையல் ஓரம் வெடிப்பதற்கு வேறு காரணம் இருக்கிறது. தையல் ஊசி போட்ட துளைகள் தபால்தலையின் ஓரத் துளைகளைப் போல வரிசையாக நிற்கின்றன. ரெக்ஸின் மென்மையாக இருக்கும்வரை அவை இழுவையைத் தாங்கும். இறுகிய பிறகு, உட்கார்ந்து எழும் ஒவ்வொரு முறையும் ஒரு துளையிலிருந்து அடுத்ததற்குக் கிழிந்துகொண்டே போகும். உள்ளே இருக்கும் ஸ்பஞ்சு பொடிந்து உட்கார்ந்துவிட்டால் இழுவை இன்னும் கூடும். வெடிப்பைப் பார்த்ததும் மேலே பசையைத் தடவுகிறார்கள். முதலில் ஸ்பஞ்சை விரலால் அழுத்திப் பாருங்கள். அது மாவாக உதிர்ந்தால் மேலே என்ன செய்தாலும் ஒரு மாதம்தான்.

சரி, காப்பாற்றக்கூடிய ரெக்ஸின் எது? மடித்துப் பார்த்தால் மடிப்பில் வெள்ளைக் கோடு விழாமல் திரும்பி விரிகிறதென்றால் காப்பாற்றலாம். ஒரு வாளி வெதுவெதுப்பான நீரில் ஒரு மூடி கார் ஷாம்பு போதும். மென்மையான பிரஷ்ஷால் நுரையை மட்டும் வைத்துத் தேயுங்கள், நீர் தையலுக்குள் இறங்கக் கூடாது. ரெக்ஸினின் மேல்வரிப் பள்ளங்களில் பல ஆண்டு அழுக்கு இருக்கும். மஞ்சள் கலந்த சாம்பல் நிறத்தில் நுரை வரும், அதை உடனே துணியால் ஒற்றி எடுங்கள். இரண்டு மூன்று முறைக்குப் பிறகு நுரை வெள்ளையாக வரும். நிழலில் உலர்ந்த பின், புற ஊதாக் கதிர்த் தடுப்பு உள்ள, நீரை அடிப்படையாகக் கொண்ட பாதுகாப்புத் திரவத்தை மெல்லியதாகப் பூசித் துடைத்துவிடலாம். தின்னர், நகப்பூச்சு நீக்கி இரண்டும் ரெக்ஸினின் மேல்தோலையே கரைத்துவிடும். கறை போகவில்லை என்று ஆத்திரப்பட்டு அவற்றை எடுக்காதீர்கள்.

ஒரு சாண் வரை உள்ள வெடிப்பை முதுகுச் சாய்விலோ கதவுப் பலகையிலோ ஒட்டிச் சரிசெய்யலாம். தையலைப் பிரித்து, பின்புறத்தில் கேன்வாஸ் துணியை நெகிழ்வான பசையால் ஒட்டி, வெடிப்பின் இரு விளிம்புகளையும் சேர்த்து, மேலே வினைல் பசையை மெல்லிய அடுக்குகளாக நிரப்ப வேண்டும். உட்காரும் பகுதியில் இந்த வேலையை நான் செய்து தருவதில்லை. செய்தால் மூன்றாம் மாதம் என்னைத் திட்டிக்கொண்டு திரும்பி வருவீர்கள். அதற்குப் புதிய ரெக்ஸின்தான்.

செடான்_வேளச்சேரி (சென்னை), மே 9, காலை 11:10

இழையைத் திசைதிருப்புவதாக நினைக்க வேண்டாம். பதினாறு வயதான என் செடான் காரின் முன்கண்ணாடி உட்புறத்தில் ஒரு மங்கல் படலம் படிந்துகொண்டே இருக்கிறது. துடைத்தாலும் இரண்டு வாரத்தில் வந்துவிடுகிறது. டாஷ்போர்டு விறைத்து ஓரிடத்தில் விரிசல் விட்டிருக்கிறது. ஆனால் ஏசியின் பட்டன்களும் கதவுக் கைப்பிடியும் அதற்கு நேர்மாறாகப் பிசுபிசுக்கின்றன. ஒரே காரில் ஒன்று இறுகுகிறது, ஒன்று உருகுகிறது, இது எப்படி?

கலவைக்காரன் (கோவை), மே 9, இரவு 9:30

இரண்டும் வேறு வேறு பொருட்கள். டாஷ்போர்டு வினைல், அதாவது ரெக்ஸினைப் போன்ற மென்மையூட்டிய பிவிசி. வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டு 70 டிகிரி செல்சியஸைச் சாதாரணமாகத் தொடும். அந்தச் சூட்டில் ஆவியாகும் மென்மையூட்டிதான் கண்ணாடியில் படலமாகப் படிகிறது. அதாவது நீங்கள் துணியால் துடைத்தெடுப்பது உங்கள் டாஷ்போர்டின் நெகிழ்வையே. முன்கண்ணாடி இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே பிளாஸ்டிக் படலம் வைத்துச் செய்யப்பட்டது. புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியை அதுவே தடுத்துவிடுகிறது, ஆனால் சூட்டைத் தடுப்பதில்லை. எனவே டாஷ்போர்டைக் காக்க நீங்கள் செய்யக்கூடியதில் தலையாயது, நிறுத்தும்போது முன்கண்ணாடிக்கு உட்புறம் வெள்ளித்தாள் மறைப்பை விரிப்பது. இருநூறு முந்நூறு ரூபாய்ப் பொருள். பளபளக்கும் பாலிஷ் பகலில் கண்ணாடியில் பிரதிபலித்துக் கண்ணைக் கூச வைக்கும், அதைத் தவிர அதனால் பயன் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பட்டன்களில் பிசுபிசுப்பது ரப்பரும் அல்ல, வினைலும் அல்ல. கெட்டிப் பிளாஸ்டிக்கின் மேல் மென்மையாகத் தெரிவதற்காக அடித்த பாலியூரித்தேன் பூச்சு. காற்றின் ஈரம் அந்த மூலக்கூறுகளைப் பிரித்துவிடுகிறது; சென்னை போன்ற கடலோர ஊர்களில் விரைவாகவே நடக்கும். அதை மீட்க வழியில்லை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துப் பொறுமையாகத் தேய்த்தால் பூச்சு வழித்துக்கொண்டு வந்துவிடும், கீழே கெட்டியான பிளாஸ்டிக் இருக்கும். பட்டனில் அச்சிட்ட எழுத்துகளும் சேர்ந்து போகலாம் என்பதால் ஓரத்தில் முதலில் சோதித்துப் பாருங்கள். அதே ஆல்கஹாலை டாஷ்போர்டு வினைலில் தேய்த்துவிடாதீர்கள்.

பத்மினி நண்பர் கேட்ட டயர்ப் பழுப்புக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். அது அழுக்கல்ல. டயர்க் கலவையில் மெழுகையும், 6பிபிடி என்ற ஓசோன் தடுப்பு வேதிப்பொருளையும் சேர்ப்போம். அவை மெல்ல மெல்ல மேற்பரப்புக்கு வருகின்றன. மெழுகு படலமாக நின்று தடுக்கிறது; 6பிபிடி, ஓசோன் ரப்பரை அடைவதற்கு முன்பு தானே அதனோடு வினைபுரிந்து பழுப்பாகிறது. அதை இரும்பு பிரஷ்ஷால் சுரண்டி எடுப்பது, பாதுகாவலை நாமே விரட்டுவதாகும். டயர் பாலிஷ் வேண்டுமென்றால் நீரை அடிப்படையாகக் கொண்டதைப் பக்கவாட்டில் மட்டும் தடவுங்கள், தரையைத் தொடும் பகுதியில் வேண்டவே வேண்டாம். பாலிஷைவிட முக்கியம் டயரின் வயது. பக்கவாட்டில் டாட் (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின் கடைசியாக நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். குறைவாக ஓடும் பழைய வண்டிகளின் டயர் தேயாமலே முதுமையடைந்துவிடும். பத்தாண்டைத் தாண்டியதென்றால் டயரின் பட்டன் (தரையைத் தொடும் பகுதியின் வெட்டுகள்) எவ்வளவு ஆழமாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

ஏ40_யாழ் (யாழ்ப்பாணம்), மே 10, காலை 8:00

உங்கட உரையாடலை ஆர்வத்தோடு வாசித்து வருகிறேன். எங்களிடம் இன்றும் ஒரு ஒஸ்ரின் ஏ40 கார் ஓடிக்கொண்டிருக்கிறது. 1990-களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் இங்கே கார்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடின. ஸ்ரார்ட் பண்ணுவதற்கு மட்டும் சொட்டுப் பெற்றோல் விடுவோம். அந்த நாட்களில் எங்கட ஐயா எண்ணெய்க் குழாய் இறப்பரை ஒவ்வொரு மாதமும் நுனியில் அரை அங்குலம் வெட்டி மீண்டும் பூட்டுவார். நுனி ஊதித் தளர்ந்துபோகும், உள்ளே நல்லாக இருக்கும். எரிபொருள் மாறினால் முதலில் தண்டனை அனுபவிப்பது இறப்பர்தான் என்று அப்போதே விளங்கிக்கொண்டோம். இந்தியாவில் பெற்றோலில் எத்தனோல் கலப்பதாகச் சொல்கிறார்களே, பத்மினித் தம்பி அந்தக் குழாய்களைக் கவனித்தாரா?

கலவைக்காரன் (கோவை), மே 10, இரவு 7:45

யாழ் அண்ணர் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறார். இங்கே இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். 1989-இல் செய்த ஹோஸும், பெட்ரோல் பம்பின் டயாபிரமும் (உள்ளே அசையும் ரப்பர்ச் சவ்வு), கார்பரேட்டரின் சிறு வாஷர்களும் அதை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. பீடிங் பிசகினால் கால்விரிப்பு நனையும். பெட்ரோல் ஹோஸ் பிசகினால் வண்டி எரியும். எனவே பத்மினி நண்பரே, முன்கண்ணாடி ரப்பருக்குச் செலவழிப்பதற்கு முன் எரிபொருள் ஹோஸ் முழுவதையும் மாற்றுங்கள். மேலே எஸ்ஏஇ 30ஆர்9 என்று அச்சிட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள், அதன் உட்பூச்சு ஃபுளோரோ ரப்பர் என்பதால் எத்தனாலைத் தாங்கும். டயாபிரத்தையும் எத்தனாலைத் தாங்கும் வகையில் கேட்டு மாற்றிவிடுங்கள்.

நீலகிரித் தைலம் பற்றி யாரும் சொல்லவில்லை. ஊட்டிக் கடைகளில் யூகலிப்டஸ் எண்ணெயோடு விற்கும் விண்டர்கிரீன் எண்ணெயைத்தான் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அது ஏறக்குறைய முழுவதும் மெத்தில் சாலிசிலேட். வலித் தைலத்தின் மணம் அதனுடையதுதான். மூன்று பங்கு சைலீன் என்ற கரைப்பானில் ஒரு பங்கு கலந்து, இறுகிப்போன சிறு ரப்பர் வாஷரை அதில் ஊறவைத்தால் சில மணி நேரத்தில் வியக்கும்படி மென்மையாகும். மந்திரமல்ல, கரைப்பான் உள்ளே புகுந்து உப்ப வைக்கிறது, ஆவியானதும் பழைய நிலைமைக்கு மெல்லத் திரும்பும். எங்குமே கிடைக்காத ஒரு பாகத்தை உடையாமல் கழற்றவோ பூட்டவோ வேண்டியிருந்தால் பயன்படுத்தலாம். காற்றோட்டமான இடத்தில், கையுறையோடு செய்யுங்கள். அந்தத் தைலத்தைக் குழந்தை ஒரு தேக்கரண்டி குடித்தாலும் உயிருக்கே ஆபத்து.

பத்மினி_89 (திருச்சி), மே 24, மாலை 5:30

இரண்டு வாரமாக எழுத முடியவில்லை. ஐயா சொன்ன வரிசையிலேயே செய்தேன். முதலில் ஹோஸும் டயாபிரமும் மாற்றியாயிற்று. பழைய ஹோஸைக் கழற்றி வளைத்தபோது உட்புறத்திலிருந்து கறுப்புத் தூள் உள்ளங்கையில் கொட்டியது.

கண்ணாடி ரப்பரை வாங்கச் சென்னை புதுப்பேட்டைக்குப் போய்வந்தேன். ஒரு கடையில் ஒரே அச்சில் இரண்டு விலைகளில் காட்டினார்கள். ஐயாவிடம் தொலைபேசியில் கேட்டபோது, இரண்டையும் நன்றாக மடித்து இரண்டு நிமிடம் பிடித்துவிட்டு மடிப்பைப் பாருங்கள் என்றார். மலிவானதில் மடிப்பு சாம்பல் பூத்து மயிரிழைக் கோடுகள் தெரிந்தன. சுண்ணாம்புத் தூளும் ரீகிளெய்ம் ரப்பரும் (பழைய ரப்பரிலிருந்து மீட்டெடுத்தது) அதிகம் சேர்த்தது என்றார். விலை கூடியதையே வாங்கினேன்.

பூட்டியவர் அறுபது வயதைக் கடந்த கண்ணாடிக்காரர். பழைய ரப்பரைக் கழற்றியதும் தகர விளிம்பில் துரு இருந்த இடங்களைச் சுரண்டி, பிரைமர் அடித்து ஒருநாள் காயவிட்டார். மறுநாள் ரப்பரைக் கண்ணாடியைச் சுற்றிப் பூட்டி, தகரம் உட்காரவேண்டிய பள்ளம் நெடுக ஒரு நைலான் கயிற்றை அழுத்தி, அதன் இரு முனைகளையும் கீழே நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே விட்டார். விளிம்பு முழுவதும் சோப்புத் தண்ணீர். கிரீஸ் வைக்கலாமா என்று நான் கேட்டதற்கு, "சோப்பு காய்ஞ்சா ரப்பர் பிடிச்சுக்கும் தம்பி, கிரீஸ் வெச்சா வழுக்கிக்கிட்டே இருக்கும்" என்றார். வெளியிலிருந்து நான் இரு உள்ளங்கைகளாலும் கண்ணாடியை அழுத்த, அவர் உள்ளே உட்கார்ந்து கயிற்றை மெல்ல இழுத்தார். இழுக்க இழுக்க ரப்பரின் உள்விளிம்பு, சட்டைக் காலர் மடிவது போல, தகரத்தைத் தாண்டி உட்பக்கம் மடிந்துகொண்டே போனது. மூலைகளில் மட்டும் நின்று, வெளியே என்னைக் கையால் தட்டச் சொன்னார். மொத்தம் இருபது நிமிடம்.

நான்கு கதவு பீடிங்கும் புதிது. பழையவற்றில் டீசல் பட்ட முன்கதவு பீடிங்கை அளந்து பார்த்தேன். புதியதைவிட நான்கு விரற்கடை நீண்டிருந்தது.

நெல்லை_ஓட்டி (பாளையங்கோட்டை), மே 24, இரவு 8:10

நான்கு விரற்கடையா! அந்த வாட்டர் வாஷ்காரரிடம் சொல்லி அனுப்புங்கள். தம்பி, கதவு சரியாக அடைக்கிறதா என்று தாள் வைத்துப் பார்த்தீர்களா? பீடிங்குக்கும் தகரத்துக்கும் நடுவே ரூபாய் நோட்டு அளவு தாளை வைத்துக் கதவைச் சாத்தி இழுக்க வேண்டும். இழுவை கைக்குத் தெரிந்தால் சரி. சும்மா உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் காற்றும் தூசியும் நுழையும். எண்ணெய் விஷயத்தில் தோற்றாலும் இதில் என் அனுபவம் பொய்க்காது.

பத்மினி_89 (திருச்சி), மே 26, காலை 9:00

அண்ணாச்சி சொன்னபடி ஒரு சாணுக்கு ஒரு முறை தாள் வைத்துப் பார்த்தேன். வலது பின்கதவின் கீழ்மூலையில் மட்டும் தாள் உருவிக்கொண்டு வந்தது. டிங்கர் கதவுக் கீலைச் சற்றுத் தளர்த்தி உட்புறம் தள்ளியதும் சரியாயிற்று.

பிறகு தண்ணீர்ச் சோதனை. மனைவி டார்ச்சோடு உள்ளே உட்கார, நான் தோட்டத்துக் குழாயை மெதுவாகத் திறந்து கீழிருந்து மேலாக நனைத்துக்கொண்டே போனேன். கண்ணாடி ரப்பரில் ஒரு சொட்டு இல்லை. ஆனாலும் இடதுபக்கக் கால்விரிப்பில் பழைய இடத்திலேயே ஈரம்! டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இடது வைப்பரின் தண்டு தகரத்தைத் துளைத்துக்கொண்டு வெளியேறும் இடத்தில், எட்டணா அளவுள்ள ஒரு ரப்பர் வாஷர். நான் இவ்வளவு நாள் குற்றம் சாட்டிய கண்ணாடி ரப்பருக்கும் கால்விரிப்பு நனைவதற்கும் தொடர்பே இருந்திருக்காது போலிருக்கிறது. வாஷரை விரலால் அழுத்தினேன். பொரித்த அப்பளம் போல நொறுங்கி உள்ளே விழுந்தது.

கலவைக்காரன் (கோவை), மே 26, பிற்பகல் 1:15

வலதுபக்க வாஷருக்கும் அதே வயதுதான், அதையும் சேர்த்துக் கழற்றிவிடுங்கள். தண்டின் தடிமன், தகரத் துளையின் விட்டம், தகரத்தின் கனம் மூன்றையும் வெர்னியரால் அளந்து எழுதுங்கள். என் நண்பரின் பட்டறையில் இபிடிஎம்மில் இரண்டு வாஷர் வார்த்து அனுப்பச் சொல்கிறேன். அதுவரை அந்தத் துளையில் கிரீஸை அடைத்துவைத்துவிடாதீர்கள்.

பத்மினி_89 (திருச்சி), மே 26, பிற்பகல் 1:40

நேற்றே அடைத்துவிட்டேன், ஐயா. இதோ துடைத்துக்கொண்டிருக்கிறேன்.